நூறு கஜம்

இரண்டு பனிக்கால டயர்களின் விலைதான்.
கறுப்பு பிளாஸ்டிக் கட்டை,
கையால் அழுத்தினால் உள்வாங்குகிறது.
போல்ட்டை இழுத்தால்
பழைய பேருந்துக் கதவு திறக்கும் சத்தம்.
அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்,
பதினோரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

கடையில் நீட்டிய படிவத்தில் ஒரு கேள்வி:
இதை உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா?
பேனா நின்றுவிட்டது.
சலவை இயந்திரம், படகு மோட்டார்,
மூன்று பிள்ளைகளுக்கும் பனிக்காலணி,
எதையும் யாரும்
இப்படிக் கேட்டு விற்றதில்லை.
ஆம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் அழுத்தியே குறியிட்டேன்.
அடுத்த தாள்வரை பதிந்தது.

"தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்க ஆகும்"
என்றான் தங்கை புருஷன் டர்க்.
அவனுடையது வால்நட் மரக்கட்டை.
கீறல் விழுமென்று
தூறலில்கூட வெளியே எடுக்கமாட்டான்.

அக்டோபர் கடைசி.
மான் வேட்டை தொடங்க மூன்று வாரம்,
வீட்டில் உறைபெட்டி காலி.
ஒன்டனாகனுக்குத் தெற்கே
கைவிட்ட சரளைக் குழி ஒன்றில் சுடுதளம்.
ஏரிக்காற்று காதுமூடிக்குள்ளும் நுழைந்தது.
பெரியவனின் பழைய ஜீன்ஸில் ஒரு காலை வெட்டி
இரு முனையும் தைத்து
அரிசி அடைத்து எடுத்துப் போயிருந்தேன்.
அதன்மேல் துப்பாக்கி தலைசாய்த்தது,
காய்ச்சல்காரப் பிள்ளைபோல.

நூறு கஜம் தள்ளி ஒரு காகிதத் தட்டு,
நடுவில் கறுப்பு டேப்பில் கூட்டல் குறி.

முதல் மூன்றில்
ஒன்று இடது விளிம்பு, ஒன்று கீழே,
இன்னொன்று எங்கே போனதென்று
மண்மேட்டைத்தான் கேட்கவேண்டும்.
ஸ்கோப்பின் திருகுகளை இறுக்கினேன்.
எட்டுச் சொடுக்கு மேலே, நாலு வலப்புறம்.
அடுத்த மூன்றும்
பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள்,
ஆளுக்கொரு மூலை.
குழல் சரியில்லை, கட்டை சரியில்லை,
காற்று சரியில்லை,
மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று
டர்க்கின் குரலில் நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு எண்ணிக்கை தவறியது.
உள்ளே இன்னொன்று இருக்கிறதென்று நினைத்து
மூச்சைப் பாதியில் நிறுத்தி
விசையை அழுத்தினேன்.

டிக்.

தோட்டாவே இல்லை.
அந்த அமைதியில்,
வெடிக்காத ஒன்றுக்குப் பயந்து
கண்கள் இறுக மூடியிருந்தன.
தோள் முன்னே பாய்ந்திருந்தது.
குழல்முனை அரிசிக்குள் முகம் புதைத்திருந்தது.
கையும் களவுமாக
என்னையே பிடித்துவிட்டேன்.
கூடம் நேராகத்தான் இருந்திருக்கிறது.

"நிறுத்துங்கள்! போல்ட்டுகள் திறந்திருக்கட்டும்!"
ஓர்வில் டெஷேன் சிவப்புக் கொடியை ஏற்றினார்.
வாய் பிளந்த துப்பாக்கிகளை மேசைகளில் விட்டுவிட்டு
முன்பின் தெரியாத ஒன்பது பேர்
அவரவர் ஓட்டைகளைப் பார்க்க நடந்தோம்.
சாவு வீட்டில்கூட
இத்தனை ஒழுங்காக யாரும் நடப்பதில்லை.
பக்கத்து மேசைக்காரர் தன் காகிதத்தைப் பிய்த்து
மற்றவர் பார்க்குமுன்
நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து
தோட்டா இல்லாமலே இருபது முறை.
குழல்மேல் ஒரு காசை வைத்து,
விசை விழுந்தும் காசு விழாதவரை.
விரல் விறைத்துப்போயிற்று.

அப்புறம்தான் நிஜத் தோட்டா.
குறியைப் பற்றிக் கவலைப்படவில்லை,
கண் திறந்திருக்கிறதா என்பது மட்டும்.
ஸ்கோப்புக்குள் எகிறிய வானத்தை
அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

மூன்று ஓட்டைகள்.
ஊறுகாய் ஜாடி மூடியால் மறைத்துவிடலாம்.
நாலாவது, கர்வத்தில் சுட்டது,
மூடிக்கு வெளியே இரண்டு விரற்கடை.

ராத்திரி குழலுக்குள் துணி விட்டு இழுத்தேன்.
கறுப்பாக வந்தது, பிறகு சாம்பல்,
வெள்ளையாக வரும்முன் பொறுமை போய்விட்டது.
போல்ட்டைக் கழற்றித் தனியே பூட்டினேன்.
தட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்,
பல் டாக்டர் சீட்டுக்குப் பக்கத்தில்.
"ஒண்ணு வெளியே போயிருக்கே" என்றான் சின்னவன்.
"அது என்னோடது."
"மத்தது?"
"அதுவும்தான்."

திங்கள், காலை ஆறு மணி, இருட்டு.
நாவல்பழ நிறத்தில் கன்றிய தோளோடு
பேருந்துக் கதவை இழுத்தேன்.
அதே சத்தம்.
கண்ணை மூடிக்கொண்டேனா என்று
ஒரு கணம் பார்த்துக்கொண்டேன்.